பால்வாடி டீச்சர் வேலைதானே!

கடந்த ஆண்டு மே மாதம், ஒரு மாலை நேரம். திருப்பலி முடிந்து பங்கு அலுவலகத்தில் அமர்ந்திருந்தபோது ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பக்கத்து நகரில் கடை மாடியில் நடக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில் 'சர்வதேச மாண்டிசோரி டிப்ளமோ' படித்திருந்தாள். ஓராண்டுப் படிப்பு, கட்டணம் இருபத்தெட்டாயிரம் ரூபாய். சனிக்கிழமைகளில் மட்டும் வகுப்பு. ஜெராக்ஸ் எடுத்த குறிப்புகளே பாடநூல். அந்த ஓராண்டில் ஒருநாள்கூட அவளைக் குழந்தைகள் இருக்கும் ஒரு வகுப்பறைக்கு அழைத்துச் செல்லவில்லை. தங்கநிற ஓரம் போட்ட சான்றிதழை எடுத்துக்கொண்டு அவள் இரண்டு பள்ளிகளுக்குச் சென்றிருக்கிறாள். ஒன்றில் "இது செல்லாது" என்றார்கள். மற்றொன்றில் மாதம் நாலாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார்கள்.

"நகையை அடகு வச்சுக் கட்டுன பணம் சாமி. இந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்றார் தாய்.

மகள் தலைகுனிந்தபடி, "எனக்குச் சின்னப் பிள்ளைங்களோட இருக்கணும்னு ஆசை ஃபாதர். அதான் சேர்ந்தேன். பால்வாடி டீச்சர் வேலைதானே, அதுக்கு எதுக்குப் படிப்புன்னு எல்லாரும் கேட்டாங்க" என்றாள்.

அன்று அவர்களுக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை. அடுத்த சில வாரங்களில் மழலையர் பள்ளி நடத்தும் அருள்சகோதரிகளிடமும், எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கேட்டேன், கிடைத்தவற்றைப் படித்தேன். அறிந்துகொண்டதை, அந்த மகளைப் போன்ற பலருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

எளிய வேலையா இது?

"பால்வாடி டீச்சர் வேலைதானே" என்ற அந்தச் சொல்லில்தான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. இந்த வேலைக்குப் படிப்பு தேவையில்லை என்று நினைக்கிறோம். ஆகவே எந்தச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்கிறோம். படிப்பு தேவையில்லாத வேலை என்பதால் ஊதியமும் குறைவாகவே இருக்கிறது. ஊதியம் குறைவு என்பதால் நன்றாகப் படித்தவர்கள் வருவதில்லை. இந்தச் சுழலில் இறுதியில் அகப்படுவது மூன்று வயதுக் குழந்தை.

மனித மூளையின் வளர்ச்சியில் 85 விழுக்காட்டிற்கும் அதிகம் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்னும் ஊரில் 1962 முதல் 1967 வரை நடந்த ஓர் ஆய்வு உலகப் புகழ்பெற்றது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிற்கு மட்டும் நல்ல முன்பருவக் கல்வி அளித்தார்கள். இரு குழுவினரையும் அவர்களது நாற்பதாவது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். முன்பருவக் கல்வி பெற்றவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் நல்ல வேலையில் இருந்தவர்களும் அதிகம். குற்றங்களில் சிக்கியவர்கள் குறைவு. பொருளாதாரத்திற்கான நோபல் பரிசை 2000-ஆம் ஆண்டில் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இந்த ஆய்வை எடுத்து ஆராய்ந்து, சிறு வயதில் செய்யும் செலவே சமுதாயத்திற்கு மிகுந்த பலன் தருவது என்று வாதிட்டார்.

இதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. அந்தப் பள்ளியில் பணியாற்றியவர்கள் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். ஒவ்வொருவரிடமும் சில குழந்தைகளே இருந்தார்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் சென்று தாயோடு பேசினார்கள். ஆக, பலன் தந்தது கட்டடமோ விளையாட்டுப் பொருளோ அன்று, ஆசிரியரே.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மூன்றரை வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து 'அ' எழுது என்கிறோம். அதன் விரல் தசைகள் இன்னும் அதற்குப் பக்குவப்படவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை அந்தக் குழந்தைக்குக் களிமண் உருட்டக் கொடுப்பார். மணி கோக்கச் சொல்வார். ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்குப் பயறு மாற்றச் சொல்வார். பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டு. உண்மையில் எழுதுவதற்கான ஆயத்தம் அங்கேதான் நடக்கிறது. இதை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தை வாழ்நாள் முழுவதும் சுமக்கும்.

இதற்கு வழிகாட்டியவர்கள்

ஜெர்மனியில் பிரீட்ரிக் புரோபல் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகள் தோட்டம், என்ற பெயரை 1840-இல் தந்தவரும் அவரே.

மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907 சனவரி 6 அன்று உரோமை நகரின் சான் லொரென்சோ என்ற ஏழை மக்கள் பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவருக்கும் தமிழகத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார். ஏறக்குறைய 300 பேர் அதில் கலந்துகொண்டார்கள். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதால், இத்தாலியரான அவருக்கு ஆங்கில அரசு கட்டுப்பாடு விதித்தது. அவருடைய மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 31 அன்று, அன்னையின் 70-ஆவது பிறந்தநாளையொட்டி, மகன் விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் அவர்கள் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்கள். இந்தியாவில் இருந்த காலமெல்லாம் அவர் மிகுதியாகச் செய்த பணி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதே.

குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா 1920-இல் பாவ்நகரில் பாலமந்திரைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்திற்குச் சென்றார். விலையுயர்ந்த கருவிகளை விட்டுவிட்டு, கிராமத்தில் கிடைக்கும் விதைகள், கூழாங்கற்கள், இலைகள் ஆகியவற்றைக் கொண்டே கற்பித்தார். குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியே அவர்களுடைய வீட்டு முற்றத்திற்குப் போகட்டும் என்று பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கே சென்றார். அவரும் அவருடைய துணையாளர் அனுதாய் வாக்கும் வளர்த்த அந்த முற்றத்துப் பள்ளிதான் அங்கன்வாடி.

வேலைவாய்ப்பு எங்கே?

1. அங்கன்வாடி மையங்கள்: மைய அரசு 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் 1982 சூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம், ஊர்ப்புறப் பால்வாடிகளுக்குக் குழந்தைகளை அழைத்து வந்தது. இன்று மாநிலத்தில் ஐம்பத்து நான்காயிரத்திற்கும் அதிகமான மையங்கள் உள்ளன. பணியாளர், உதவியாளர் என்ற இரு நிலைகளில் பெண்கள் பணி செய்கிறார்கள். குழந்தையின் எடையைப் பார்த்துப் பதிவது, சத்துமாவு வழங்குவது, கருவுற்ற தாய்மாரைக் கவனிப்பது, தடுப்பூசிக்கு அழைப்பது, கதை சொல்வது, பாட்டுப் பாடுவது எனப் பணிகள் பல.

2025-இல் தமிழக அரசு 7,783 இடங்களை நிரப்ப ஆணையிட்டது. பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பும் தகுதியாகக் கேட்கப்பட்டன. பணியாளருக்கு முதல் ஓராண்டு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதன்பின் 7,700 முதல் 24,200 வரையிலான ஊதிய விகிதம். உதவியாளருக்கு இது 4,100 ரூபாயில் தொடங்குகிறது. அதே ஊரில் அல்லது அருகில் வசிப்பவராக இருக்க வேண்டும். பணியாளருக்குப் பொதுவான வயது வரம்பு 25 முதல் 35 வரை. அறிவிப்புகள் மாவட்ட வாரியாக வெளியாகும். ஆகவே நாளிதழிலும் மாவட்ட இணையதளத்திலும் பார்த்துவருவது நல்லது. இடைத்தரகர் எவருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

2. தனியார் மழலையர் பள்ளிகள்: வேலை எளிதில் கிடைக்கும் இடம் இதுவே. ஊதியத்தில் பெரும் ஏற்றத்தாழ்வு இருப்பதும் இங்கேதான். தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கான தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள், 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஓர் உதவியாளரும் வேண்டும் என்கின்றன. வேலைக்குச் சேருமுன் 'ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள்?' என்று கேளுங்கள். நாற்பது என்று பதில் வந்தால் அது கல்வி கற்பிக்கும் இடமா, கூட்டத்தைக் காக்கும் இடமா என்று எண்ணிப் பாருங்கள்.

3. அரசுப் பள்ளி வளாகங்கள்: 2019 சனவரியில் தமிழகத்தில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. மழலையர் கல்வி பள்ளிக்கல்வியின் ஒரு பகுதியே என்ற எண்ணத்திற்கு இது ஒரு தொடக்கம்.

4. குழந்தைகள் காப்பகங்கள்: 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. இத்தகைய காப்பகங்களுக்குப் பயிற்சி பெற்றோர் தேவை. கட்டடத் தொழிலாளரின் குழந்தைகள் மணற்குவியலில் கிடப்பதைக் கண்டு மனம் வருந்திய மீரா மகாதேவன், 1969-இல் டெல்லியில் 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பைத் தொடங்கினார். வேலைத்தளம் மாறும்போது காப்பகமும் உடன் மாறும். அத்தகைய பணி இன்றும் எத்தனையோ ஊர்களுக்குத் தேவைப்படுகிறது.

5. மேல்நிலைப் பணிகள்: அங்கன்வாடிப் பணியாளர் அனுபவத்தின் அடிப்படையில் மேற்பார்வையாளராக உயரலாம். மனையியல், ஊட்டச்சத்து போன்ற பட்டம் பெற்றவர்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாகக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலராகலாம். பயிற்சியாளர், பாடத்திட்டம் வகுப்பவர், சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கான ஆசிரியர் என்று வேறு வழிகளும் உண்டு.

எந்தப் படிப்பு?

ஆசிரியர் பயிற்சிகளை நெறிப்படுத்துவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதன் 2014-ஆம் ஆண்டு விதிகளில் மழலையர் கல்விக்கென ஈராண்டுப் பட்டயப் படிப்பு இடம்பெற்றது. பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் அதற்குத் தகுதி. வகுப்பறைப் பயிற்சி அதில் கட்டாயம்.

வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்கு இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு முன்பருவக் கல்வி மற்றும் பராமரிப்புக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்திவருகிறது. பட்டப் படிப்பாகப் படிக்க விரும்பினால், கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் நிறுவனம் போன்ற இடங்களில் மனையியல், மனித மேம்பாடு சார்ந்த படிப்புகள் உள்ளன.

மாண்டிசோரி என்ற பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தப் பெயரை எவர் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை. மாண்டிசோரி அம்மையார் 1929-இல் தொடங்கிய பன்னாட்டு மாண்டிசோரி சங்கம், தன் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களின் பட்டியலைத் தானே வெளியிடுகிறது. இந்தியாவிலும் அத்தகைய நிலையங்கள் உள்ளன. அங்கே குழந்தைகளை மணிக்கணக்கில் உற்றுநோக்க வேண்டும். கருவிகளைக் கையாண்டு பழக வேண்டும். வாய்மொழித் தேர்வும் உண்டு. சனிக்கிழமை ஜெராக்ஸ் குறிப்புகளால் அந்தத் தகுதி கிடைக்காது.

எனவே, பணம் கட்டுமுன் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தந்தது யார்? அந்த ஆணையின் நகலைக் காட்ட முடியுமா? 'அரசு பதிவு பெற்றது' என்பது சங்கப் பதிவாக மட்டும் இருக்கலாம். அது படிப்புக்கான அங்கீகாரம் அன்று.

2. அங்கீகாரம் தந்ததாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகமோ குழுமமோ தன் பட்டியலில் இந்த நிலையத்தின் பெயரை வெளியிட்டிருக்கிறதா?

3. குழந்தைகளோடு நேரடிப் பயிற்சி எத்தனை நாட்கள்? எந்தப் பள்ளியில்?

4. கற்பிப்பவர் யார்? அவர் மழலையர் வகுப்பில் பணி செய்தவரா?

5. சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் இருவரோடு பேச முடியுமா?

இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாத இடத்தில் பத்து ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

துணை நிற்கும் அமைப்புகள்

தனியாக ஒரு வகுப்பறையில் நிற்கும் ஆசிரியைக்குத் தன் போன்றோரின் கூட்டுறவு பெரும் பலம். இரண்டாம் உலகப் போரில் சிதறுண்ட குழந்தைகளின் நிலைகண்டு ஐரோப்பாவில் உருவான உலக முன்பருவக் கல்வி அமைப்பு, 1948-இல் பிராகு நகரில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. சுவீடனைச் சேர்ந்த ஆல்வா மிர்டால் அதன் முன்னோடிகளுள் ஒருவர். இந்தியாவில் 1964-இல் முன்பருவக் கல்விக்கான சங்கம் தொடங்கப்பட்டது. இவை கருத்தரங்குகள் வழியாகவும் வெளியீடுகள் வழியாகவும் ஆசிரியர்களை இணைக்கின்றன.

அங்கன்வாடிப் பணியாளர்களின் சங்கங்களையும் மறக்கலாகாது. பணிக்கொடை கேட்டு குஜராத்தைச் சேர்ந்த பணியாளர்கள் நடத்திய வழக்கில், 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று தீர்ப்பளித்தது. அவர்கள் ஏதோ ஓய்வு நேரத்தில் சேவை செய்பவர்கள் அல்லர் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆயினும், 2018 அக்டோபர் முதல் மைய அரசு உயர்த்தித் தந்த மாத மதிப்பூதியம் பணியாளருக்கு 4,500 ரூபாயும் உதவியாளருக்கு 2,250 ரூபாயும்தான். அதற்கு மேல் தருவது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. 'மதிப்பூதியம்' என்ற சொல்லில் மதிப்பும் இருக்கிறது, ஊதியமும் இருக்கிறது. கையில் கிடைப்பதில் இரண்டும் குறைவாக இருப்பதுதான் வேதனை.

நம்மை நாமே கேட்போம்

அரசைக் குறை சொல்வது எளிது. அந்தத் தாயும் மகளும் வந்துசென்ற பின் எங்கள் பங்கின் மழலையர் பள்ளிக் கணக்கேட்டை எடுத்துப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த ஆசிரியைக்கு நாங்கள் தந்த ஊதியம், பள்ளி வாகன ஓட்டுநருக்குத் தந்ததில் பாதிகூட இல்லை. பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சேவை என்ற சொல்லைச் சொல்லி ஒருவருடைய உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. பங்குப் பேரவையில் பேசினோம். எளிதாக முடியவில்லை, கட்டணம் கூடிவிடும் என்று பெற்றோர் தரப்பில் தயக்கம் இருந்தது. இறுதியில் ஆண்டுவிழாச் செலவைக் குறைத்து ஊதியத்தை உயர்த்துவது என்று முடிவாயிற்று. இது போதாது, ஆனால் ஒரு தொடக்கம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை படிக்கும் மழலையர் பள்ளியில் சுவரில் வரைந்த படங்களை மட்டும் பார்க்காதீர்கள். ஆசிரியை என்ன படித்திருக்கிறார், எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். ஆண்டுதோறும் ஆசிரியைகள் மாறும் பள்ளியில் ஏதோ சரியில்லை என்று பொருள். மூன்று வயதில் எழுத வைக்கவில்லையே என்று அவரிடம் சண்டைக்கும் போகாதீர்கள்.

பள்ளி நடத்துவோரே, அனுபவமுள்ள நல்ல ஆசிரியையைப் பெரிய வகுப்புக்கு 'உயர்த்தும்' பழக்கத்தை விட்டுவிடுவோம். எல்.கே.ஜி. வகுப்பில் இருப்பதே உயர்வு என்று அவர் உணரும்படி நடத்துவோம்.

இளையோரே, குழந்தைகள்மேல் உங்களுக்குள்ள அன்பு நல்ல தொடக்கம். ஆனால் அன்பு மட்டும் போதாது. முறையாகக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

அந்த மகளுக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு சூலையில் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். அருள்சகோதரிகளின் மழலையர் பள்ளியில் உதவியாளராகப் பணியும் செய்கிறாள். அண்மையில் அந்தப் பக்கம் சென்றபோது, தாயைப் பிரிந்து அழுதுகொண்டிருந்த ஒரு சிறுவன் அருகே தரையில் அமர்ந்திருந்தாள். அவனை அதட்டவில்லை, மிட்டாய் காட்டி ஏமாற்றவும் இல்லை. அவன் அழுது ஓயும்வரை காத்திருந்து, பிறகு புளியங்கொட்டைகள் நிறைந்த ஒரு தட்டை அவன் பக்கம் மெல்ல நகர்த்தினாள். சிறிது நேரத்தில் அவன் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினான்.

"இப்படிக் காத்திருக்கணும்னு இங்க சிஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தாங்க ஃபாதர்" என்றாள்.

அவளிடம் இனி எவரும் "பால்வாடி டீச்சர் வேலைதானே" என்று சொல்லாதிருக்க நாம் என்ன செய்யப் போகிறோம்? சிந்திப்போம், செயல்படுவோம்.